ஐம்பத்திரண்டாவது பெயர்

2015 ஜூன் 25 இரவு, நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியிலுள்ள பார்க்ளேஸ் சென்டர் அரங்கில் ஐம்பத்திரண்டாவதாக ஒரு பெயர் வாசிக்கப்பட்டது: சத்னாம் சிங் பமாரா. பஞ்சாபில் பல்லோ கே என்கிற சிற்றூர், கோதுமை விவசாயியின் மகன், வயது 19, உயரம் 7 அடி 2 அங்குலம். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துக் களமான என்.பி.ஏ.வில் ஓர் அணி, இந்தியாவில் பிறந்து வளர்ந்த ஒருவரை டிராஃப்டில் எடுத்தது அதுவே முதல் தடவை. எடுத்தது டல்லாஸ் மாவெரிக்ஸ். நாடே கொண்டாடியது. நூறு கோடியில் ஒருவன் என்று பொருள்படும் தலைப்பில் ஓர் ஆவணப்படம்கூட அடுத்த ஆண்டு வந்துவிட்டது. ஆனால் அந்தப் பையன் என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூடக் களமிறங்கவில்லை. டல்லாஸ் அணியின் கீழ்மட்டக் குழுவான டெக்சாஸ் லெஜெண்ட்ஸில் இரண்டு சீசன்கள் இருந்தார். அங்கேயும் ஆடக் கிடைத்த ஆட்டங்கள் முப்பதை எட்டவில்லை. பிறகு ஊர் திரும்பினார். பின்னாளில் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி இரண்டாண்டுத் தடை பெற்றார். அதன்பின் அமெரிக்காவில் தொழில்முறை மல்யுத்த மேடை ஏறினார்.

இதை ஒரு தனிமனிதரின் வீழ்ச்சிக் கதையாகச் சொல்வது எளிது. நான் இதை டிராஃப்ட் என்கிற ஏற்பாட்டைப் பற்றிய சாட்சியமாகப் படிக்கிறேன். டிராஃப்ட் ஆளைக் கண்டுபிடிப்பதில்லை. வாய்ப்பைப் பங்கு போடுகிறது. யாருக்கு எத்தனை நாள் பொறுமை, எத்தனை நிமிட ஆட்டம், எத்தனை முறை தவறு செய்ய அனுமதி என்பதை ஒன்றிரண்டு இரவுகளில் வரிசைப்படுத்திக் கொடுத்துவிடுகிறது. அந்த வரிசை எவ்வளவு சரி என்பதற்குத் தேர்வு மைதானம், கோப்பைக்கான பிளேஆஃப். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரை நடக்கும் அந்தத் தேர்வில் டிராஃப்ட் வரிசை திரும்பத் திரும்பத் தடுமாறுகிறது. இதை ஒப்புக்கொண்டால், நம்மிடையே கூடைப்பந்து ரசிகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, அடுத்த இந்தியர் எப்போது டிராஃப்டாவார் என்கிற கேள்வி, கேட்கவே வேண்டாத கேள்வி என்பது புரியும்.

ஏற்பாட்டை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக. என்.பி.ஏ.வில் 30 அணிகள். ஆண்டுக்கு ஒரு முறை, கல்லூரியிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் இளைஞர்களை அணிகள் முறை வைத்து எடுக்கின்றன. இரண்டு சுற்று, ஆக மொத்தம் 60 பெயர். ஏதாவது அணி தண்டனையாக முறையை இழந்தால் ஒன்றிரண்டு குறையும். ஐ.பி.எல். ஏலம்போலப் பணம் கூவி எடுப்பதில்லை. முந்தைய சீசனில் தோற்ற அணிகள் முன்னால் நிற்கும். பிளேஆஃபுக்குத் தகுதி பெறாத 14 அணிகளுக்குள் முதல் இடங்களைத் தீர்மானிக்க 1985 முதல் லாட்டரி. அதற்கு முன்பு, கடைசியில் நிற்கும் அணிகள் வேண்டுமென்றே தோற்கின்றன என்கிற சந்தேகம் முற்றியதால்தான் லாட்டரியே வந்தது. 2019-இல் அதை மாற்றி, மிக மோசமான மூன்று அணிகளுக்கும் தலா 14 விழுக்காடு வாய்ப்பு என்றாக்கினார்கள். 2025-இல் வெறும் 1.8 விழுக்காடு வாய்ப்போடு நின்ற டல்லாஸுக்கு முதலிடம் அடித்தது. தன் பெரிய நட்சத்திரம் லூகா டான்சிச்சை லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொடுத்துவிட்டு ரசிகர்களிடம் வசை வாங்கிக்கொண்டிருந்த அணி அது. சத்னாமை எடுத்ததும் அதே டல்லாஸ்தான். பந்து உருளும் இடத்தில் நியாயம் தேடிப் பயனில்லை.

தங்கச் சுரங்க ஊரான இந்தத் தங்கவயலில் இருப்பவர்களுக்கு மாதிரி பார்ப்பது என்றால் என்னவென்று விளக்கவேண்டியதில்லை. பாறையிலிருந்து ஒரு கை கல்லை எடுத்து, இடித்துப் பொடியாக்கி, உருக்கி, டன்னுக்கு எத்தனை கிராம் என்று சொல்வார்கள். அந்த எண் பொய் சொல்லாது. கல்லில் இருக்கும் தங்கம், பார்ப்பவரின் பார்வையால் கூடவும் குறையவும் போவதில்லை. பத்தொன்பது வயதுப் பையன் அப்படியல்ல. அவன் எவ்வளவு பெறுவான் என்பது, அவனைப் பார்த்தவர் அதன்பிறகு அவனை என்ன செய்கிறார் என்பதையும் பொறுத்தது. டிராஃப்டைச் சுற்றி நடக்கும் பேச்செல்லாம், அந்த உயர அளவு, கை நீட்டிய அளவு, துள்ளும் அளவு எல்லாம், மனிதனைக் கல்லாகப் பாவிக்கும் கணக்கு.

பிளேஆஃப் காட்டும் சாட்சிக்கு வருவோம். 2025 ஜூனில் ஓக்லஹோமா சிட்டி தண்டரும் இண்டியானா பேசர்ஸும் இறுதியில் மோதினார்கள். ஏழு ஆட்டமும் நடந்தது. கடைசி ஆட்டம் நம் நேரப்படி விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தொடங்கியது. இந்த ஊரில் பாதிப் பேர் பெங்களூர் ரயிலைப் பிடிக்கும் நேரம். 103-91 என்று தண்டர் வென்றது. அந்த இரண்டு அணிகளிலும் டிராஃப்டில் முதலிடம் பெற்றவர் ஒருவர்கூட இல்லை. இறுதித் தொடரின் சிறந்த வீரர் ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர் 2018-இல் பதினோராவது பெயர். ஷார்லட் எடுத்து, அன்றே கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து, ஓராண்டில் கிளிப்பர்ஸ் அவரை ஓக்லஹோமாவுக்குக் கொடுத்தது. அவருக்குத் துணை நின்ற ஜேலன் வில்லியம்ஸ் பன்னிரண்டாவது. எதிரணியின் டைரீஸ் ஹாலிபர்ட்டன் பன்னிரண்டாவது, பாஸ்கல் சியாகம் இருபத்தேழாவது. தண்டரின் காவல் அரணாக நின்ற லுகெண்ட்ஸ் டார்ட், அலெக்ஸ் கருசோ இருவர் பெயரும் எந்தச் சுற்றிலும் வாசிக்கப்படவில்லை. இண்டியானாவுக்குப் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து ஆட்டத்தின் வேகத்தையே மாற்றிய டி.ஜே. மெக்கானலும் அப்படித்தான்.

ஓராண்டு விபத்து என்று தள்ளிவிட முடியாது. 2023-இல் மயாமி ஹீட், கிழக்குப் பகுதியில் எட்டாம் இடத்தில் ஒட்டிக்கொண்டு பிளேஆஃபுக்குள் நுழைந்து, முதலிடத்து மில்வாக்கியை வீழ்த்தி, இறுதிவரை போனது. கேப் வின்சென்ட், மேக்ஸ் ஸ்ட்ரூஸ், கேலப் மார்ட்டின், டங்கன் ராபின்சன் என்று அந்த அணியைத் தூக்கிச் சுமந்தவர்களில் பலர் டிராஃப்டில் விடுபட்டவர்கள். தலைவன் ஜிம்மி பட்லர் முப்பதாவது பெயர். இறுதியில் அவர்களை வென்ற டென்வரின் நிகோலா யோகிச் 2014-இல் நாற்பத்தொன்றாவது. அவர் பெயர் அறிவிக்கப்பட்டபோது தொலைக்காட்சியில் டாக்கோ பெல் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. நேரலையில் யாரும் கேட்கவில்லை. அந்த மனிதர் பின்னாளில் மூன்று முறை லீகின் மிகச்சிறந்த வீரர் விருதை வாங்கினார்.

ஏன் இப்படி நடக்கிறது? பிளேஆஃபின் இயல்பில் ஒரு பகுதி விடை இருக்கிறது. வழக்கமான சீசனில் 82 ஆட்டங்கள், இன்று ஒரு எதிராளி, நாளை வேறொருவர். பிளேஆஃபில் ஒரே எதிராளியோடு ஏழு ஆட்டம் வரை. மூன்றாவது ஆட்டத்துக்குள் உன் அணியில் காவலில் மெதுவானவன் யார், இடக்கையால் பந்து கொண்டுபோகத் தெரியாதவன் யார் என்று எதிரணிப் பயிற்சியாளர் கண்டுபிடித்துவிடுவார். பிறகு ஒவ்வொரு முறையும் அவனையே குறிவைத்துத் தாக்குவார்கள். அழகான திறமை ஒன்றும் பெரிய ஓட்டை ஒன்றும் உள்ளவனைப் பெஞ்சில் உட்காரவைக்க வேண்டியதாகிவிடும். பல வருடம் கீழ்மட்டத்தில் கிடந்து, ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு, ஒரு வேலையைப் பழுதில்லாமல் செய்யக் கற்றவன் களத்தில் நிற்பான். அழைக்கப்படாதவனுக்கு அதைத் தவிர வேறு வழி இருந்ததில்லை. டிராஃப்ட் பார்ப்பது ஒருவன் உச்சத்தில் என்ன செய்யக்கூடும் என்று. பிளேஆஃப் பார்ப்பது அவனுடைய மிகத் தாழ்ந்த நிலை எது என்று.

இன்னொரு பகுதி விடை இதைவிடச் சங்கடமானது. 1995-இல் பேரி ஸ்டா, ஹா ஹோவாங் என்கிற இரண்டு ஆய்வாளர்கள் 1980-களில் டிராஃப்டான வீரர்களின் முதல் சில ஆண்டுகளை எடுத்து அலசினார்கள். புள்ளி எடுப்பது, ரீபவுண்ட், வேகம் எல்லாவற்றையும் கணக்கில் ஈடுகட்டிய பிறகும், முன்னால் எடுக்கப்பட்டவனுக்கு அதிக நிமிடங்கள் ஆடக் கிடைத்தன. லீகில் அவன் அதிக காலம் நீடித்தான். அவனை வேறு அணிக்குத் தள்ளிவிடும் வாய்ப்பும் குறைவாக இருந்தது. ஆட்டம் சமமாக இருந்தாலும் வரிசை எண் அவனுக்காக வாதாடியது. விலை கொடுத்து வாங்கிவிட்டோம், வீணாகக்கூடாது என்கிற மனம். ஐந்து ஏக்கர் வாங்கிவிட்டோமே என்று தண்ணீரில்லாத கிணற்றை மேலும் மேலும் ஆழப்படுத்துகிற மனமும் இதுதான். இதைப் படித்தால், முன்னால் எடுக்கப்பட்டவர்கள் அதிகம் வெற்றி பெறுகிறார்கள் என்கிற புள்ளிவிவரத்தைச் சந்தேகத்தோடுதான் பார்க்க முடியும். விதை நல்லதா, தண்ணீர் அதிகம் பாய்ந்ததா?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். டிம் டங்கன் 1997-இல் முதல் பெயர், சான் அன்டோனியோவுக்கு ஐந்து கோப்பை. லெப்ரான் ஜேம்ஸ் 2003-இல் முதல் பெயர், நான்கு கோப்பை. ஷக்கீல் ஓ'நீல், அகீம் ஒலாஜுவான் எல்லாரும் முதல் பெயர்களே. ஆக, தேர்வுக் கண் சரியாகத்தானே பார்க்கிறது? ஆமாம், ஓரளவுக்கு. தலைமுறைக்கு ஒருவராக வரும் ஆட்டக்காரரைக் கண்டுகொள்வதில் பெரும்பாலும் தவறுவதில்லை. லெப்ரானை எடுக்க நிபுணர் தேவையில்லை, தெருவில் போகிறவனும் எடுப்பான். 2023-இல் விக்டர் வெம்பன்யாமாவும் அப்படி. 2025-இல் டல்லாஸ் எடுத்த கூப்பர் ஃப்ளாக்கை நான் அவ்வளவு உயரத்தில் வைக்கமாட்டேன்; ஆனால் அவர் புள்ளிகளைவிட, எதிராளியின் அடுத்த அசைவை முன்கூட்டியே படிக்கும் காவல் புத்தியே அவரை நெடுநாள் நிற்கவைக்கும் என்பது என் கணிப்பு. சிக்கல் அந்த ஒருவருக்குப் பிறகு வரும் ஐம்பத்தொன்பது பேரில்தான் இருக்கிறது. முதலிடத்திலேயேகூடப் பாருங்கள்: 2007-இல் கெவின் டுராண்டை விட்டுவிட்டு கிரெக் ஓடன், 2013-இல் ஆந்தனி பென்னட், அதே ஆண்டு யானிஸ் அன்டெடொகவும்போ பதினைந்தாவது. 2017-இல் பாஸ்டன் தன் முதலிடத்தையே ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்துவிட்டு மூன்றாவதாக ஜேசன் டேட்டமை எடுத்தது. 2024-இல் கோப்பை பாஸ்டனுக்கு.

ஃபிலடெல்ஃபியா கதையைச் சற்று நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் டிராஃப்ட் மீதான மூடநம்பிக்கையை இதைவிடத் தெளிவாக எவரும் பரிசோதித்ததில்லை. 2013-இலிருந்து மூன்று சீசன், அந்த அணி கையிலிருந்த நல்லவர்களையெல்லாம் விற்றுவிட்டு, தோற்பதையே திட்டமாக வைத்துக்கொண்டது. 19 வெற்றி, 18 வெற்றி, பிறகு 82 ஆட்டத்தில் 10 வெற்றி. ஒவ்வொரு ஆண்டும் முன்வரிசைப் பெயர். அதற்குப் பிறகு 2016, 2017 இரண்டிலும் முதலிடமே. ஜோயல் எம்பீட் என்கிற மாபெரும் ஆட்டக்காரர் கிடைத்தார்தான், மறுக்கவில்லை. ஆனால் முதலிடத்துப் பெயர்கள் இரண்டும், பென் சிம்மன்ஸும் மார்க்கெல் ஃபுல்ட்ஸும், அந்த அணியின் கைக்குள் கலைந்து போயின. 2025 வரை அந்தத் தலைமுறை பிளேஆஃபின் இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. அதே காலத்தில் ஓக்லஹோமா என்ன செய்தது? 2019-இல் பால் ஜார்ஜைக் கொடுத்து கில்ஜியஸ்-அலெக்சாண்டரையும் கிளிப்பர்ஸின் எதிர்கால டிராஃப்ட் முறைகளையும் வாங்கியது. அப்படி வந்த ஒரு முறையில்தான் ஜேலன் வில்லியம்ஸ் கிடைத்தார். அவர்களும் இரண்டு மூன்று வருடம் தோற்றார்கள், டிராஃப்டை ஒதுக்கவுமில்லை. ஆனால் வந்தவனை ஆடவிட்டார்கள். பெயரே இல்லாமல் வந்த டார்ட்டையும் முதல் நாள்முதலே காவல் வேலைக்கு வளர்த்தார்கள். இரண்டு அணிக்கும் கிடைத்த சீட்டு ஏறக்குறைய ஒன்றுதான். உழவு வேறு.

அழைத்த பின் காத்திருப்பது என்றால் என்னவென்று இரண்டு பெயர்கள் சொல்கின்றன. மானு ஜினோபிலி, அர்ஜென்டினாக்காரர், 1999-இல் ஐம்பத்தேழாவது பெயர், அந்த ஆண்டு கடைசிக்கு முந்தையது. சான் அன்டோனியோ அவரை உடனே கூப்பிடவில்லை. இத்தாலியில் ஆடவிட்டது. அங்கே பொலோன்யா அணியோடு ஐரோப்பியக் கோப்பையை வென்றபின், 2002-இல் வந்தார், நான்கு என்.பி.ஏ. கோப்பைகளில் பங்கு. யோகிச்சையும் டென்வர் ஓராண்டு செர்பியாவிலேயே விட்டுவைத்தது. சத்னாமுக்குக் காத்திருக்கத் திரும்பிப்போக ஓர் இடம் இருந்ததா? ஜினோபிலிக்கு இத்தாலி லீக் இருந்தது, யோகிச்சுக்கு அட்ரியாட்டிக் லீக் இருந்தது. பதினான்கு வயதில் ஆங்கிலம் தெரியாமல் ஃப்ளோரிடா அகாடமிக்குப் போன பையன், அங்கிருந்து கல்லூரிக் கூடைப்பந்துக்கும் போகாமல் நேராக டிராஃப்டுக்கு வந்தான். அவன் திரும்பி வந்து வாரம் மூன்று நாள் தன்னைவிட வல்லவர்களோடு மோதக்கூடிய ஒரு களம் இந்தியாவில் அன்று இல்லை. இங்கே தொடங்கிய யு.பி.ஏ. லீக்கும் 2015-இலிருந்து இரண்டு மூன்று ஆண்டு நடந்து நின்றுபோனது.

உங்கள் ஊர் வரலாறே இதற்குப் பக்கத்தில் நிற்கிறது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே இறங்கியபோது முதல் சில வருடம் கிடைத்தது கையைச் சுடும் நஷ்டம். மைசூர் மைனில் பங்குதாரர்கள் போட்ட பணம் கரைந்து, மூடிவிடலாம் என்ற பேச்சு வந்துவிட்டது. மிச்சமிருந்த பணத்தோடு இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம் என்று முடிவெடுத்த பிறகுதான், 1880-களின் நடுவில், கேப்டன் பிளம்மர், பழங்காலத்தார் தோண்டி விட்டுப்போன குழிகளுக்கு அடியில் இறங்கி, சாம்பியன் லோட் என்கிற தங்கப் படிவைக் கண்டார். அந்த லோடுதான் 2001 பிப்ரவரி 28 வரை, மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, இந்த ஊருக்குச் சோறு போட்டது. முதல் மாதிரியை வைத்து முடிவு செய்திருந்தால் ராபர்ட்சன்பேட்டையும் ஆண்டர்சன்பேட்டையும் வரைபடத்தில் இருந்திருக்காது.

அடுத்த மறுப்பு உயரத்தைப் பற்றியது. உயரம் கற்றுக்கொடுத்து வருவதில்லை; ஆகவே ஏழடிப் பையனைக் கண்டவுடன் எடுப்பதுதான் புத்தி; சத்னாம் தோற்றது அவருக்கு ஆட்டம் போதாததால், அவ்வளவே. இதில் பாதி உண்மை. சத்னாம் 2015-இல் என்.பி.ஏ. தரத்துக்குத் தயாராக இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. அவரை இந்தியச் சந்தைக்காக எடுத்தார்கள் என்கிற குற்றச்சாட்டையும் நான் பெரிதுபடுத்தவில்லை. ஐம்பத்திரண்டாவது முறை என்பது அணிகள் துணிந்து சூதாடும் சில்லறைதான். ஆனால் இந்தியாவில் கூடைப்பந்து பார்க்கும் கண்ணில் உயரம் தவிர வேறொன்றும் விழுவதில்லை என்பதே என் குறை. நெட்டைப் பையனைப் பார்த்ததும் கூடைக்குக் கீழே நிறுத்திவிடுகிறோம். பந்தைத் தட்டிக்கொண்டு போகவோ, தூரத்திலிருந்து எறியவோ, இடம் பார்த்துப் பாஸ் கொடுக்கவோ அவனுக்கு விடுவதில்லை. யோகிச் கிட்டத்தட்ட ஏழடிக்காரர்தான், ஆனால் அவரை நிகரற்றவராக்கியது பாஸ். 2025 மே மாதம் டென்வருக்கும் ஓக்லஹோமாவுக்கும் நடந்த ஏழாவது ஆட்டத்தில் அந்த யோகிச்சுக்குக் காவலாக ஓக்லஹோமா யாரை நிறுத்தியது? ஆறடி ஐந்தங்குல கருசோவை, டிராஃப்டில் அழைக்கப்படாத அந்தக் கருசோவை. பந்து வருமுன்னே யோகிச்சின் முன்னால் போய் நின்று, பாஸ் வரும் பாதையையே அடைத்தார். 125-93 என்று ஓக்லஹோமா வென்றது. அந்த வேலையை எந்த அளவுநாடாவும் டிராஃப்டுக்கு முன் அளந்து சொல்லியிருக்காது.

கடைசி மறுப்பு, எனக்கு மிகவும் அனுதாபமுள்ள மறுப்பு: இங்கே லீக் இல்லை, பணமில்லை, ஒரு சத்னாமாவது அமெரிக்காவில் டிராஃப்டானால்தானே ஊரிலிருக்கும் பையன்கள் பந்தைக் கையில் எடுப்பார்கள்? சீனாவில் யாவ் மிங்குக்குப் பிறகு கூடைப்பந்து எப்படிப் பெருகியது, பாருங்கள் என்பார்கள். அந்த உதாரணத்தை நானும் ஏற்கிறேன், வரிசையைத் திருத்திவிட்டு. சீனத் தொழில்முறை லீக் 1995-இலேயே தொடங்கிவிட்டது. யாவ் மிங் ஷாங்காய் ஷார்க்ஸுக்காக அதில் ஐந்து சீசன் ஆடினார், 2002-இல் கோப்பையும் வென்றார், அதற்குப் பிறகே ஹூஸ்டன் அவரை முதல் பெயராக எடுத்தது. லீக் அவரைச் செய்தது. டிராஃப்ட் அவரை உலகுக்குக் காட்டியது. நாம் காட்சியை முதலில் கேட்கிறோம். இன்னொரு இந்திய வீரர் பிரின்ஸ்பால் சிங் 2020-21-இல் என்.பி.ஏ.வின் கீழ்மட்ட லீகான ஜி லீகில் இக்னைட் அணியில் சேர்ந்தார். 2021-இல் சேக்ரமென்டோ அணியின் கோடைக்கால லீக் வெற்றியில் உடனிருந்தார். அவருக்கும் அடுத்த படி எங்கே என்று காட்ட ஊரில் ஒன்றுமில்லை.

நமக்கென்று டிராஃப்ட் இல்லை என்பதும் தவறு. ரயில்வே, வங்கி, போலீஸ், பொதுத்துறை ஆலைகளின் ஸ்போர்ட்ஸ் கோட்டாதான் நம் டிராஃப்ட். அது புள்ளிவிவரப் பளபளப்பு இல்லாத, லாட்டரி இல்லாத, மிகவும் மனிதத்தன்மையுள்ள டிராஃப்ட் என்று சொல்வேன். சென்னைக்காரர் அனிதா பால்துரை தென்னக ரயில்வே ஊழியர். பத்தொன்பது வயதில் இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைவியானார். பதினெட்டு ஆண்டு நாட்டுக்காக ஆடினார், 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவரை எந்த அரங்கிலும் யாரும் எண் போட்டு அழைக்கவில்லை. அவருக்குக் கிடைத்தது மாதச் சம்பளமும், அதனால் கிடைத்த நெடுங்காலமும். 2014 ஜூலையில் சீனாவின் வூஹானில் இந்திய ஆண்கள் அணி சீனாவையே 65-58 என்று சீனாவின் சொந்த மண்ணில் வீழ்த்தியதே, அந்த அணியும் இப்படி வேலையும் பயிற்சியுமாக ஓடியவர்களால் ஆனது. கோட்டாவில் குறையும் உண்டு: வேலை கிடைத்ததும் ஆட்டம் அலுவலகங்களுக்கு இடையிலான போட்டிக்குள் சுருங்கிவிடும், முப்பது வயதில் கோப்புக்குப் பின்னால் உட்காரவைத்துவிடுவார்கள். ஆனால் அடித்தளம் அதுதான். அதன்மேல் ஒன்பது மாதம் ஓடும் ஒரு லீகை ஏற்றினால் ஏறும். அமெரிக்கக் கனவின் மேல் எதையும் ஏற்ற முடியாது.

ஒரு சின்ன விலகல். டிராஃப்டாகும் பையனுக்குத் தன் முதலாளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. யார் அழைத்தார்களோ அங்கே போகவேண்டும். ஆஸ்கர் ராபர்ட்சன் தலைமையில் வீரர்கள் 1970-இல் வழக்குப் போட்டு, 1976-இல் சமரசமானபோதுதான் ஒப்பந்தம் முடிந்தவன் விரும்பிய இடம் போகும் வழி திறந்தது. டிராஃப்ட் மட்டும், வீரர் சங்கத்தின் ஒப்புதலோடு, மிச்சமிருக்கிறது. 1930-இல் இங்கே சுரங்கத்தில் கைரேகை பதிக்கச் சொன்னபோது தொழிலாளர்கள் எதற்காக வேலையை நிறுத்தினார்கள் என்பது தெரிந்த ஊரில், ஓர் ஆளை எண்ணாக்கிப் பதிவேட்டில் வைப்பது என்றால் என்னவென்று நான் சொல்லவேண்டியதில்லை. கோடிகளில் சம்பளம் வாங்குகிறவனுக்காக யாரும் கண்ணீர் விடவேண்டாம். ஆனால் அறுபதாவது பெயருக்குக் கீழே நிற்பவன் கோடி வாங்குகிறவன் அல்ல.

அவனைப் பற்றித்தான் இன்னும் இரண்டு வார்த்தை. இந்த ஊரைச் சுற்றி நிற்கும் பதின்மூன்று சைனைட் மேடுகளில் மூன்று கோடி டன்னுக்கு மேல் மண் கிடக்கிறது. மில்லில் இடித்து, எடுக்கவேண்டியதை எடுத்துவிட்டு, இனி ஒன்றுமில்லை என்று கொட்டிய மண். அதில் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத் தங்கம் இன்னும் இருக்கிறது என்பதற்காக, 2024-இல் கர்நாடக அமைச்சரவை அதை மீண்டும் பிரித்தெடுக்க ஒப்புதல் தந்தது. தூசி பறந்து மூச்சுத் திணறியவர்களின் கணக்கு வேறு, அதைத் தனியாகப் பேசவேண்டும். நான் சொல்ல வந்தது, கொட்டிய மண்ணைத் திரும்பத் திறந்து பார்க்க ஒரு முறையும் ஒரு செலவும் வேண்டும். என்.பி.ஏ.வில் அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். 2017-இலிருந்து இருவழி ஒப்பந்தம் என்று ஒன்று: கீழ்மட்ட அணியிலும் மேல் அணியிலும் மாறி மாறி ஆடலாம், இப்போது ஓர் அணிக்கு மூன்று பேர். 2019 டிராஃப்ட் இரவு அறுபதாவது பெயரும் வாசித்து முடிந்தது, அதில் டார்ட் இல்லை. சில நாட்களில் ஓக்லஹோமா அவரை அந்த இருவழி ஒப்பந்தத்தில் எடுத்தது. கருசோ அதற்கும் மூன்று வருடம் முன்பு அழைக்கப்படாமல் போய், ஓக்லஹோமாவின் கீழ்மட்ட அணியில் ஆடி, மேலே ஏற முடியாமல் வெளியேறி, லாஸ் ஏஞ்சல்ஸில் இருவழி ஒப்பந்தம் பெற்று, 2020-இல் அங்கே ஒரு கோப்பை வென்றவர். 2025 ஜூனில், முதலில் தன்னை மேலே ஏற்றாத அதே ஓக்லஹோமாவின் சட்டையில் இரண்டாவது கோப்பையைத் தொட்டார்.